மூணாறு வேகம் கொழிஞ்சாம்பாறைக்கு ஆகாது

கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் இளைஞர் ஒருவர் ஒரு ஏப்ரல் மாதம் போனில் கூப்பிட்டார். "வேகத்தைக் கூட்டினதிலிருந்து மெஷின் அரைமணி நேரம் ஓடுதுங்க, அப்புறம் நீலத் திரைதாங்க வருது. ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன்ல படம் போட்டாகணும்." அவருடைய மாமா மகன் மூணாறில் இருக்கிறார். இருவரிடமும் ஒரே பிராசஸர், ஏ.எம்.டி.யின் ரைசன் 5 3600. மதர்போர்டும் ஒன்று, டப்பாவோடு வந்த சின்ன கூலரும் ஒன்று. ஜனவரியில் மூணாறுக்காரர் தன் கம்ப்யூட்டரை 'ஓவர்கிளாக்' செய்து, மாற்றிய எண்களைப் படம் பிடித்து அனுப்பினார். கொழிஞ்சாம்பாறைக்காரர் எழுத்துப் பிசகாமல் அதையே தன் மெஷினில் போட்டார். மச்சானுக்கு ஓடுவது தனக்கு ஏன் ஓடவில்லை என்பதுதான் கேள்வி.

"ரூமில் ஏ.சி. இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை. கோளாறு அங்கேதான் இருந்தது.

ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிராசஸர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. மதர்போர்டு ஒரு அடிப்படைத் துடிப்பைத் தருகிறது. இப்போதைய போர்டுகளில் விநாடிக்கு 10 கோடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். பிராசஸர் அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கும் எண் 40 என்றால் 4,000 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4 கிகாஹெர்ட்ஸ். தொழிற்சாலை நிர்ணயித்த தாளத்தை நாமே கூட்டிக்கொள்வதுதான் ஓவர்கிளாக்கிங்.

இந்த வித்தைக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவு பிராசஸர் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நாலரையால் பெருக்கி 300-இல் ஓடியது. துடிப்பை மட்டும் 100-க்கு மாற்றினால் 450! பெரும்பாலான சில்லுகள் முணுமுணுக்காமல் ஓடின. ஐம்பது சதவீத வேகம் இலவசம் என்றால் யார்தான் விடுவார்கள்? குறைந்த வேக சில்லின் முத்திரையை அழித்து, அதிக வேகம் என்று போலி முத்திரை குத்தி விற்ற வியாபாரிகளும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். பெருக்கும் எண்ணை மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியதற்கு இந்த மோசடியும் ஒரு காரணம்.

இன்று அந்தப் பூட்டு பாதி திறந்திருக்கிறது. இன்டெல்லில் மாடல் எண்ணோடு 'கே' என்ற எழுத்து உள்ளவற்றை மட்டும், அதுவும் 'இசட்' வரிசை மதர்போர்டில்தான் முறைப்படி கூட்ட முடியும். எச் 610 போர்டு வாங்கிவிட்டு பெருக்கும் எண்ணைத் தேடிப் பயனில்லை. ஏ.எம்.டி.யின் ரைசன்களில் பெரும்பாலானவை திறந்தே வருகின்றன. போர்டு பி 450, பி 550 போன்ற ரகமாக இருந்தால் போதும். கடைசி ரகமான 'ஏ' வரிசை போர்டுகளில் நடக்காது.

இப்போது கொழிஞ்சாம்பாறைக்கு வருவோம். தாளத்தைக் கூட்டினால் சில்லுக்கு மூச்சு வாங்கும். அதைச் சமாளிக்க வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கும். வில்லங்கம் இங்கேதான். சில்லு தின்னும் மின்சாரம் வேகத்தின் விகிதத்தில் ஏறுகிறது. ஆனால் வோல்டேஜின் இருமடியில் ஏறுகிறது. 4.0 கிகாஹெர்ட்ஸை 4.2 ஆக்குகிறீர்கள், அதற்காக 1.2 வோல்டை 1.3 ஆக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 5 சதவீதம் கூடுகிறது. மின்சாரமோ 23 சதவீதம் கூடுகிறது. தின்ற மின்சாரம் அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரவேண்டும்.

காற்றால் குளிர்விக்கும் கூலர் எதுவும் சில்லை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் அதற்குக் கணக்கு. முழு வேலையில் சில்லு அறையைவிட 50 டிகிரி மேலே நிற்கிறது என்றால், 23 சதவீதம் மின்சாரம் கூடியபின் 61 அல்லது 62 டிகிரி மேலே நிற்கும். மூணாறு வீட்டில் அறை 20 டிகிரி, சில்லு 82. கொழிஞ்சாம்பாறை அறை ஏப்ரல் பிற்பகலில் 38; சில்லு 100-ஐத் தொடப் பார்க்கும். இந்த பிராசஸருக்கு ஏ.எம்.டி. விதித்த உச்சவரம்பு 95. அதற்கு மேல் போகாமலிருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சூடேறிய நிலையில் கணக்குப் பிசகினால் நீலத் திரை. எந்த வேகத்துக்கு ஆசைப்பட்டாரோ அதுவும் இல்லை, பழைய நிம்மதியும் இல்லை.

பாலக்காட்டு வெயிலைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் அங்கே 41 டிகிரியைத் தாண்டி, வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. 2019 ஜனவரி தொடக்கத்தில் மூணாறுப் பக்கத்து எஸ்டேட்களில் புல்மேல் உறைபனி படிந்து, வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போனது. ஒரே மாநிலம்தான், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு தேசம்.

மலைக்காரர்களும் ரொம்பக் குதிக்க வேண்டாம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. அதே விசிறி அங்கே மெல்லிய காற்றைத்தான் தள்ளுகிறது. அதனால் சில டிகிரி நஷ்டம். குளிர் அதை ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதது இடி. ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசியிலும் மாலையானால் இடுக்கி மலைகளில் மின்னல் வெட்டும்போது, ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும், இன்டர்நெட் கேபிளையும் உருவிவிடுங்கள். எர்த் இல்லாத வீட்டில் ஓவர்கிளாக்கிங் பேச்சே வேண்டாம், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு வழி இதுதான். முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பெட்டியைத் திறந்து தூசி தட்டுங்கள். மூன்று வருடம் பழசான மெஷினானால் கூலரைக் கழற்றி, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள். பலருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். பிறகு எதையும் மாற்றாமல் எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, முழு வேலையில் சூடு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குக் குறிக்க வேண்டும், இரவு பத்துக்கு அல்ல. 85-ஐ ஏற்கெனவே தாண்டியிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாண்டவில்லையா? கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும்போது டெலீட் பட்டனை அழுத்தினால் பயாஸ் திறக்கும். பெருக்கும் எண்ணைக் கால் கால் புள்ளியாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு கால் புள்ளிக்கும் 25 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு படிக்கும் அரைமணி நேரம் பிரைம்95 ஓடட்டும். பெரிய பகா எண்களைத் தேட எழுதப்பட்ட புரோகிராம் இது; விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, உங்கள் பிராசஸர் தப்பாகக் கூட்டினால் கையும் களவுமாகப் பிடித்துவிடும். இந்தச் சோதனை ஏன் அவசியம் என்றால், மெஷின் நிற்காமல் ஓடுவதும் சரியாகக் கணக்குப் போடுவதும் வேறு வேறு. நீலத் திரை வராமலே ஒரு வீடியோ ஃபைல் நடுவில் கெட்டுப்போகலாம். தாலி கட்டும் இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மறுபடி எடுக்கவா முடியும்?

பிழை வந்தால் வோல்டேஜை மிகச் சின்னப் படியாகக் கூட்டலாம். இந்த ரைசனுக்கு 1.3-ஐத் தாண்டாதீர்கள். ஒரேயடியாகத் திரை இருண்டு மெஷின் கிளம்பாவிட்டால் பதற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் உள்ள நாணய பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிப் போட்டால் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். வாரன்டி மட்டும் திரும்பாது. ஓவர்கிளாக் செய்ததால் வரும் சேதத்துக்கு இன்டெல்லும் பொறுப்பேற்பதில்லை, ஏ.எம்.டி.யும் ஏற்பதில்லை.

என்னைக் கேட்டால், பாலக்காட்டுப் பக்கம் இந்த முயற்சியே வீண். செலரான் காலத்து 50 சதவீதம் இப்போது கிடைக்காது. சில்லில் மிச்சமிருக்கும் வேகத்தைத் தயாரிப்பாளர்களே 'பூஸ்ட்' என்று பிழிந்து எடுத்துவிடுகிறார்கள். நமக்கு விடுவது ஐந்தோ ஆறோ சதவீதம். சில சமயம் அவர்களே அதிகம் பிழிந்துவிடுவதும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகளில் வோல்டேஜ் எகிறி மெஷின்கள் தடுமாறியதால், 2024-இல் அந்த நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டிக்க வேண்டியதாயிற்று. திரவ ஹீலியம் ஊற்றி 2023-இல் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அது சர்க்கஸ், அதில் யாரும் கல்யாண வீடியோ எடிட் செய்வதில்லை.

அதைவிட லாபமான வேலை இரண்டு உண்டு. 3200 என்று எழுதிய மெமரியை வாங்கி மாட்டியவர்களில் பலர் அதை 2133-இலோ 2666-இலோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், தெரியாமலே. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்கினால்தான் சொன்ன வேகம் வரும். இன்னொன்று தலைகீழ் வித்தை: வேகத்தைத் தொடாமல் வோல்டேஜைக் கொஞ்சம் குறைப்பது. இருமடிக் கணக்கு இப்போது நம் பக்கம் வேலை செய்யும். சூடு சட்டென்று இறங்கும். பிரைம்95 சோதனை இதற்கும் உண்டு.

கொழிஞ்சாம்பாறை இளைஞரிடம் இதைத்தான் சொன்னேன். மச்சானின் எண்களை அழித்துப் பழைய நிலைக்குப் போனார், மெமரியைச் சரிசெய்தார், பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். வெயில் தணிந்தபின் ராத்திரி ரெண்டரிங் ஓடவிட்டார். ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. அப்புறம் கோயமுத்தூர் போய் ஒரு பெரிய கூலர் வாங்கி மாட்டிக்கொண்டார். இப்போது அவருடைய பயாஸில் இரண்டு அமைப்புகள் சேமித்து வைத்திருக்கிறார்: ஒன்று மார்ச்சிலிருந்து மே வரைக்கும், மற்றது பாக்கி ஒன்பது மாதத்துக்கும்.