கண்ணாடியைக் கழற்றும் முன்...

"பக்கத்து வீட்டுச் சீனப் பெண் லேசர் செஞ்சுக்கிட்டா. நானும் செஞ்சுக்கலாமா? கைக்குழந்தை இருக்கு" என்று சிங்கப்பூர்ச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவசரப்படாதீங்க! கண்ணுக்குக் கண் வித்தியாசம் உண்டு. சீனர், ஜப்பானியர், கொரியர்களில் பலருக்கு இமைத் திறப்பு குறுகல். லேசிக்கின்போது கண்ணைப் பிடித்து நிறுத்தும் வளையம் சிலருக்குச் சரியாகப் பொருந்தாது. கிட்டப்பார்வையும் அவர்களிடம் அதிகம். பவர் கூடக்கூட, கருவிழியை அதிகம் செதுக்கணும். அதன் கனமோ அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல்!

நம்மவர்களுக்கு வேறு கவலை. கருவிழி மெலிந்து கூம்பிப் போகும் 'கெரட்டோகோனஸ்', வெள்ளையரைவிடத் தெற்காசியரிடம் அதிகம். அது இருந்தால் லேசிக் கூடவே கூடாது. அடிக்கடி கண்ணைக் கசக்கும் பழக்கம், கண் வறட்சி இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீங்க. கருவிழியின் கனத்தையும் வளைவையும் அளந்து பார்க்காமல் சம்மதிக்கவும் வேண்டாம்.

கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் பவர் மாறலாம். அதனால் என் யோசனை இதுதான்: குழந்தை பால் மறக்கட்டும், அப்புறம் சில மாதம் போகட்டும். பவர் ஒரு வருஷமாவது மாறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒன்று, லேசர் செய்தாலும் 40 வயசுக்கு மேல் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். அதையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.