பொட் லைற்றுக்குக் காசிருக்கு, யன்னலுக்கு இல்லையோ?

ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் எங்கட சனம் வீடு வாங்கின கையோட சொல்லுற அடுத்த வசனம் ஒண்டுதான்: "பேஸ்மென்ற்றைச் செய்து முடிக்கோணும்." நல்ல விசயம். இவ்வளவு காசுதான், இதுக்கு மேல ஒரு சதமும் இல்லை எண்டு கணக்குப் போடுறதும் நல்ல விசயம். ஆனா அந்தக் கணக்கில முதல் வெட்டு எங்க விழுது எண்டதிலதான் எனக்குக் கோவம்.

30,000 டொலர் இருக்கெண்டு வையுங்கோ. பார் வேணும், அதுக்குக் கிரனைற் வேணும், சீலிங் முழுக்கப் பொட் லைற் வேணும், பிறந்தநாளுக்கு 60 பேர் இருக்க இடம் வேணும். காசு இடிக்கத் தொடங்க, யன்னலைப் பெருப்பிக்கிற வேலை "பிறகு பாப்பம்" ஆகுது. கடைசியில அந்தப் பொந்து யன்னல் அறைக்குள்ள ஆரைப் படுக்க விடுறம்? ஊரில இருந்து கூப்பிட்ட அம்மாவை. இல்லாட்டி வாடகைக்கு வந்த பெடியனை.

இரவு மேல நெருப்புப் பிடிச்சா அவை எந்த வழியால வெளியில வாறது? படுக்கையறை உள்ள தளத்தில நேரா வெளியில போற கதவு இல்லாட்டி, ஒரு யன்னலாவது 0.35 சதுர மீற்றர் திறக்கோணும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது எண்டு ஒன்ராறியோ கட்டட விதி சொல்லுது. விதி தளத்துக்கு ஒண்டு எண்டு கேட்டாலும், நீங்கள் ஆள் படுக்கிற அறையில வையுங்கோ. சாமான் வைக்கிற அறைக்கு ஏன்?

அடுத்தது தண்ணி. 2005 ஆகஸ்ட் 19, 2013 யூலை 8, 2024 யூலை 16. இந்த மூண்டு நாளும் ரொறொன்ரோவில எத்தினை பேஸ்மென்ற்றுக்குள்ள தண்ணி வந்தது எண்டு பக்கத்து வீட்டில கேளுங்கோ. 2013இல பியர்சன் விமான நிலையத்தில மட்டும் 126 மில்லிமீற்றர் மழை. கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கிற வால்வுக்கு மாநகரசபையே மானியம் குடுக்குது. அதை விட்டுட்டு நேரா கொங்கிறீற்றுக்கு மேல காப்பெற் விரிக்கிற ஆக்களை என்ன சொல்லுறது?

மூண்டாவது றேடன். மணமில்லை, நிறமில்லை. நிலத்துக்குக் கீழ இருந்து வாற கதிரியக்க வாயு. சிகரெட்டுக்கு அடுத்ததா நுரையீரல் புற்றுநோயைக் கொண்டு வாறது இதுதான். கனடா சுகாதாரத் திணைக்களம் வைச்ச எல்லை ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரல். சின்னச் சோதனைப் பெட்டியொண்டை வாங்கிக் குளிர்காலத்தில மூண்டு மாதம் வைச்சாக் காணும். பாரில ஒரு ஸ்ரூல் வாங்கிற காசுகூட வராது.

இந்த மூண்டிலயும் ஒரு ஒற்றுமை இருக்கு. யன்னலுக்குச் சுவரை வெட்டோணும், வால்வுக்கு நிலத்தை உடைக்கோணும், றேடன் கூடினா நிலத்தில துளை போட்டுக் குழாய் விடோணும். எல்லாம் கொங்கிறீற் வேலை. எல்லாம் முடிச்சுப் பெயின்ற் அடிச்ச பிறகு செய்தா ரெண்டு செலவு. பார் அப்பிடியில்லை, அஞ்சு வருசம் கழிச்சும் போடலாம்!

"பெர்மிற் எடுத்தா வீட்டு வரி கூடும்" எண்டுவினம். கூடட்டும். சுவர் வெட்டவும், புதுசாப் பைப் போடவும், தனிக் குடித்தனமா வாடகைக்கு விடவும் பெர்மிற் வேணும். நாளைக்கு ஏதும் நடந்தா இன்சூரன்ஸ்காரன் முதல் கேக்கிற கேள்வியும் அதுதான்.

"எங்கட பெடியன் ஒருத்தன் கைக்காசுக்குச் செய்வான், 13 வீத வரி மிச்சம்" எண்டு இன்னொரு கதை. ரசீது இல்லாத வேலையில பிழை வந்தா ஆரைப் பிடிப்பியள்? கரண்ட் வேலைக்கு லைசன்ஸ் உள்ள ஒப்பந்தக்காரரைத்தான் பிடிக்கோணும்.

காசு காணாதா? சீலிங்கை அப்பிடியே விடுங்கோ. நிலத்துக்குப் பெயின்ற் அடியுங்கோ. கலியாணவீட்டுக்கு வாற சனம் "இன்னும் முடிக்கேல்லையோ" எண்டு கேக்கும்தான், கேட்டுட்டுப் போகட்டும். கீழ படுக்கிறது அவையில்லை.