பருக்கையா, உரிமையா?

வெள்ளையர் ஆட்சி 1947இல் அகன்றது; அயலார் எழுதிய வரலாறு அகலவில்லை. பார்ப்பனரல்லாதார் இயக்கம் வெள்ளையர் வீசிய பதவிப் பருக்கைகளுக்காகவே எழுந்தது என்றனர் கேம்பிரிட்சு வரலாற்றாசிரியர். அதனை 1995இல் கட்டுரையால் மறுத்தவர் எம்.எசு.எசு. பாண்டியன். பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் என்னும் பிரிவு வளர்ந்த வகையை 2007இல் தனிநூலாக விரித்தார், 2014இல் மறைந்தார்.

அவர் மறுப்புக்கு இராசபாளையமே சான்று. 1950இல் சென்னை மாநில முதலமைச்சர் அவ்வூர்ப் பூ.ச. குமாரசாமி இராசா. வகுப்புவாரி ஆணையை உயர்நீதிமன்றம் வீழ்த்தியது. அவர் அரசு உச்சநீதிமன்றம் ஏறியும் 1951இல் தோற்றது. தமிழகம் கொதித்தெழுந்தது, அவ்வாண்டே அரசியற்சட்டம் திருத்தப்பட்டது. வெள்ளையன் போனபின் பருக்கை ஏது? கேட்டது உரிமையே!

இராசபாளையத்து, திருவில்லிபுத்தூர் இளைஞர் கல்வெட்டும் பழம்பத்திரமும் பயின்று, தம் மண்ணின் சாதி வரலாற்றைத் தாமே எழுதுக! விடுதலை அன்றே நிறைவெய்தும்.