எல்லாம் கீழாநெல்லி இல்லை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரமும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஒரு பிடி செடி, பக்கத்தில் ஒரு டம்ளர் மோர். "மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி. மூன்றே நாளில் குணம். பகிருங்கள்." கீழே வரிசையாகக் கைகூப்புகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டு சிவந்திருந்தது. காய்கள் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன, மேல்தோலும் சொரசொரப்பு. "இது கீழாநெல்லி இல்லை" என்று எழுதினேன். உடனே தங்கை மகன், "பெரியம்மா, எல்லாம் ஒரே குடும்பம்தானே, விடுங்க" என்றான். விட மனசு வரவில்லை.

ஒரே குடும்பமாக இருந்தால் ஒன்றாகிவிடுமா? நாம் ஊறுகாய் போடும் பெருநெல்லி மரமும் அதே பில்லாந்தஸ் பேரினம்தான். கடைக்காரர் நெல்லிக்காய்க்குப் பதில் கீழாநெல்லிக் கட்டைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வருவாயா?

நம் ஊர்க்காரர்களைப் பார்த்துத்தான் எனக்கு ஆற்றாமை. புடவை எடுக்கப் போனால் ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்போம். கரை கோர்வையா இல்லையா என்று திருப்பிப் பார்ப்போம். உடம்புக்குள் போகிற இலையை மட்டும் ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. இந்தச் செடியின் பெயரே திருப்பிப் பார் என்கிறது, இலைக்குக் கீழே நெல்லி.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் தண்டைக் கிள்ளுங்கள். பால் வந்தால் தூரப் போடுங்கள், அது அம்மான் பச்சரிசி வகையறா. அடுத்து, இலைகள் கிளைக்குச்சியின் இரு பக்கமும் சீப்புப் பல் போல அடுக்கியிருக்கின்றனவா? அப்படி இல்லாமல் தண்டைச் சுற்றிலும் ஆப்பு வடிவ இலைகளாக இருந்தால் அது மேலாநெல்லி. அதன் அறிவியல் பெயரிலேயே மதராஸ் இருக்கிறது, மதராஸ்பட்டென்சிஸ். நம் பக்கத்துச் செடிதான், ஆனாலும் வேறு.

இனிமேல்தான் கஷ்டம். பூ இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கைலென்ஸ் வைத்து இதழை எண்ண வேண்டும். கீழாநெல்லி என்று நாம் தேடுகிற அமாரஸ் இனத்துக்கு ஐந்து இதழ். அதைப் போலவே இருக்கும் டெபிலிஸ், ஃபிராடெர்னஸ் இரண்டுக்கும் ஆறு. அமாரஸில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே இலைக்கணுவில் ஜோடியாக நிற்கும். மற்ற இரண்டிலும் ஆண் பூக்கள் குச்சியின் அடிப்பக்கம், பெண் பூ நுனிப்பக்கம் தனியாக. விதையை நசுக்காமல் எடுத்துப் பாருங்கள். அமாரஸ் விதையின் முதுகில் வரிகள் நீளவாக்கில் ஓடும். படத்தில் இருந்த சிவப்புக் கீழாநெல்லிக்குக் குறுக்குவாக்கில். நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதானால் ஒன்று பாவு, மற்றொன்று ஊடை. (சிறிய காட்டு ஆர்க்கிட்டுகளும் இப்படித்தான். பூ இல்லாமல் வெறும் இலையை வைத்து இனம் சொல்வது பெரும்பாடு.)

"ஆப்பில் படம் காட்டினேன், நிரூரி என்று வந்தது" என்று ஒரு பழைய மாணவி எழுதியிருந்தாள். அம்மா, அந்தக் குழப்பம் ஆப்புக்கு முந்தியது. லின்னேயஸ் 1753-ல் நிரூரி என்று பெயரிட்டது அமெரிக்கக் கண்டத்துச் செடிக்கு. அந்தப் பெயரை நம் நாட்டு நூல்கள் நம் செடிக்குச் சூட்டிவிட்டன. இந்தியத் தாவர நூல்களில் நிரூரி என்று வந்தது உண்மையில் அமாரஸ், ஃபிராடெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்றின் கலவை என்று 1985-ல் மித்ராவும் ஜெயினும் எழுதிக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் நானே கரும்பலகையில் நிரூரி என்று எழுதிப் போட்டிருக்கிறேன். அன்று எழுதிக்கொண்டவர்கள் இன்று திருத்திக்கொள்ளுங்கள்.

"பெயரில் என்ன இருக்கிறது, குணம்தானே முக்கியம்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1988-ல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவினர் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் அமாரஸ் பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. போலிப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். 1990-ல் அதே இதழில் தாய்லாந்து மருத்துவர்கள், தங்கள் ஊரில் பலன் இல்லை என்று எழுதினார்கள். யார் சொல்வது சரி என்று சண்டை போடலாம். ஆனால் எந்தச் செடி என்று தெரியாமல் அந்தச் சண்டையைக்கூடப் போட முடியாது. தென்னிந்திய மூலிகைக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லியைச் சோதித்து 2010-ல் வந்த ஆய்வில், 76 விழுக்காடு கடைகளில் அமாரஸ் இருந்தது. மீதி 24 விழுக்காட்டில் வேறு ஐந்து இனங்கள். நான்கு கடைக்கு ஒரு கடை.

"நாங்கள் குடித்தோம், சரியானது" என்பீர்கள். தண்ணீரால் வரும் ஏ, இ வகைக் காமாலை பெரும்பாலும் ஓய்வெடுத்தாலே தானாக இறங்கிவிடும். அந்த நேரத்தில் எந்தப் பச்சிலையைக் குடித்தாலும் பேர் அதற்குத்தான். எங்கள் தெருவில் தறி நெய்யும் ஒருவர் மூன்று வாரம் இதைக் குடித்தார், கண் மஞ்சள் குறையவில்லை. பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. ஆபரேஷன் செய்து பிழைத்தார். தறி இரண்டு மாதம் சும்மா கிடந்தது. அவருக்குப் பறித்துக் கொடுத்தது எந்த இனம் என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்திருந்தாலும் கல்லை அது கரைத்திருக்காது. கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, டாக்டர். மோர் டம்ளர் பிறகு.

பாட்டி வைத்தியத்தை இழிவுபடுத்துகிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். என் பாட்டி இலையைத் திருப்பிப் பார்க்காமல் பறித்ததே இல்லை. மாலையில் இலை மூடிக்கொண்ட பிறகு பறிக்கவும் விடமாட்டாள், சரியாகத் தெரியாது என்பாள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீட்டில்தான் இருப்பேன். வேகவதிக் கரையோ வீட்டுக் கொல்லையோ, கிடைத்ததைப் பூவும் காயுமாக வேரோடு கொண்டு வாருங்கள். லென்ஸ் என்னிடம் இருக்கிறது. அந்தப் படத்தைப் போட்டவர் மட்டும் முதலில் அதை அழித்துவிட்டு வரவும்.