தனவந்தர் வீதியில் ஒரு ஜாகை

ஜோலார்பேட்டையில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, பகலெல்லாம் அங்கே உழைத்துவிட்டு, பிள்ளைகள் உறங்கிப்போன பிறகு திருப்பத்தூருக்கு வந்து கதவைத் தட்டுகிற கிருகஸ்தர்களை நான் வெகுகாலமாக அறிவேன். சென்னையிலிருந்து வரும் ரயில் பாதை பெங்களூருக்கு ஒரு கிளையாகவும் சேலத்துக்கு ஒரு கிளையாகவும் பிரிகிற அந்தச் சந்திப்பிலேதான் எங்கள் பக்கத்துக் குடும்பங்களின் யோசனையும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: சம்பாதிக்கிற ஊரிலேயே குடும்பத்தை வைத்துக்கொள்வதா, குடும்பம் இருக்கிற ஊருக்குச் சம்பாத்தியத்தைக் கொண்டுவருவதா என்று.

என் மகன் முதல் வழியைத் தேர்ந்தவன். அவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். பெங்களூரில் அல்சூர் பகுதியில், கீழே மளிகைக்கடையும் எதிரே இஸ்திரி வண்டியும் உள்ள ஒரு வாடகை வீட்டில் பத்து வருஷமாகக் குடியிருக்கிறார்கள். பேரனுக்கு இப்பொழுது வயது ஏழு. போன மாதம் ஓர் இரவு, "அப்பா, சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கோம். சுத்தியும் காம்பவுண்டு, உள்ளேயே நீச்சல்குளம், பார்க், எல்லாம் இருக்கு. கடன் கொஞ்சம் பெரிசுதான். ஆனா பையனுக்கு நல்ல சர்க்கிள் கிடைக்கும். நீங்க என்ன சொல்றீங்க?" என்று தொலைபேசியில் கேட்டான்.

அவன் சர்க்கிள் என்றதைத்தான் எங்கள் தலைமுறையார் சகவாசம் என்றோம். சகவாசத்தின் மகிமையை மறுக்கிறவன் அல்லன் நான். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒருவன் அதை மறுக்கவும் இயலாது. வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரமும், அதை அடுத்தே சிற்றினம் சேராமை என்று ஓர் அதிகாரமும் வகுத்தது காரணமின்றி அன்று. ஆனால் அந்தப் பெருமையும் சிறுமையும் குணத்தைக் குறித்தவையேயன்றி, வீட்டின் சதுர அடியைக் குறித்தவை அல்ல என்பதையும், இன்று வீடு விற்கிறவர்களின் விளம்பரங்களிலே அவ்விரண்டும் ஒன்றாகக் குழைந்துபோயின என்பதையும் நினைத்துக்கொண்டுதான் அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

மகன் வெறும் ஆசையினால் பேசவில்லை. சாஸ்திரீயமான ஆதாரமும் வைத்திருந்தான். தமிழகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் டில்லியில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோருடன் அமெரிக்கா சென்று, இன்று ஹார்வர்டில் பொருளியல் பேராசிரியராக விளங்கும் ராஜ் செட்டியின் ஆராய்ச்சியை அவன் படித்திருக்கிறான். 1994 முதல் 1998 வரை அமெரிக்க அரசாங்கம், பாஸ்டன், சிக்காகோ, நியூயார்க் முதலிய ஐந்து நகரங்களில், அரசு கட்டிய குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் சுமார் 4,600-ஐத் தேர்ந்து, சீட்டுக் குலுக்கி, சீட்டு விழுந்தவர்களில் ஒரு பகுதியாருக்கு வறுமை குறைந்த பகுதிகளில் வாடகைக்குக் குடிபுகப் பண உதவி அளித்தது. அக்குடும்பங்களின் குழந்தைகள் பெரியவர்களான பிறகு, அவர்களுடைய வருமானத்தைச் செட்டியும் அவருடைய சகாக்கள் இருவரும் கணக்கிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். பதின்மூன்று வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகளின் வருமானம், மாறாதவர்களுடையதைக் காட்டிலும் 31 சதவீதம் அதிகமாயிருந்தது. பதின்மூன்றைக் கடந்த பின் மாறியவர்களுக்கோ லாபம் இல்லை, சிறிது நஷ்டமே என்றும் சொல்லலாம். "பையனுக்கு ஏழுதான் ஆகுது, இப்பவே போயிடணும்ப்பா" என்று மகன் அவசரப்படுவதற்கு இதுவே காரணம்.

அந்த ஆராய்ச்சியை நானும் மதிக்கிறேன். ஆயினும் அது எதைச் சொல்லிற்று என்பதை நிதானமாகப் படிக்கவேண்டும். அக்குடும்பங்கள் தனவந்தரின் மாளிகைகளுக்கு நடுவே குடியேறியவை அல்ல. துப்பாக்கிச் சத்தமும் வேலையின்மையும் மண்டிய கட்டடங்களை விட்டு, நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே வறியவர்கள் வாழ்கிற சாதாரண வீதிகளுக்குச் சென்றவை. வறுமையிலிருந்து வெளியேறுவது ஒரு காரியம். ஐசுவரியத்துக்குள் பிரவேசிப்பது வேறொரு காரியம். முன்னதற்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரத்தைப் பின்னதற்கும் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். என் மகனும் அதைத்தான் செய்தான்.

முன்னதன் மகிமைக்கு அமெரிக்கா வரை போகவேண்டுவதில்லை. ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று எங்கள் திருப்பத்தூரைச் சேர்ந்த மலைநாடுகள் மூன்று உண்டு. அங்கிருந்து பிள்ளையைக் கீழே அனுப்பி விடுதியிலோ உறவினர் வீட்டிலோ சேர்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக நிற்கிற தகப்பனைப் பார்த்து, பிறந்த மண்ணை விடாதே என்று உபதேசிக்கிறவன் இதயமற்றவன். ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த, மலையாளிப் பழங்குடிப் பெண்ணாகிய ஸ்ரீபதி, ஏலகிரியில் பள்ளிப்படிப்பை முடித்து, சட்டம் பயின்று, குழந்தை பெற்ற இரண்டொரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதி, 2024-இல் தமது இருபத்துமூன்றாவது வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தியைத் தமிழ்நாடே கொண்டாடியது. அந்தப் பெண்ணுக்கு ஏலகிரி அளித்தது ஒரு பள்ளிக்கூடம். அதே மலையில், கொண்டை ஊசி வளைவுகளுக்கெல்லாம் தமிழ்ப் புலவர்களின் பெயரையும் வள்ளல்களின் பெயரையும் சூட்டியிருக்கிற பாதையில் ஏறிச் சென்று, ஆண்டில் பதினைந்து நாள் தங்குவதற்கென்று வெளியூர்ச் செல்வர்கள் கட்டிப் பூட்டி வைத்திருக்கிற பங்களாக்கள் அவருக்கு எதை அளித்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. (பாரியின் பெயரைக் கடந்துதான் அந்தப் பூட்டிய வாசல்களை அடைய வேண்டியிருக்கிறது என்பது, பெயர் சூட்டியவர் எதிர்பார்த்த சிலேடையாக இராது.)

சரி, ஐசுவரியத்துக்குள்ளேயே பிறந்து வளர்கிற பிள்ளைகளேனும் சுகமாயிருக்கிறார்களா? இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியல் அறிஞர் சுனியா லூதர், 1990-களில், நகரத்தின் வறிய பகுதியில் படிக்கும் மாணவர்களையும் செழிப்பான புறநகரில் படிக்கும் மாணவர்களையும் ஒப்பிட்டபோது, சிகரெட்டு, மது, கஞ்சா ஆகியவற்றின் உபயோகமும், மனக்கலக்கமும், ஏழைப் பிள்ளைகளைவிடச் செல்வப் பிள்ளைகளிடமே மிகுந்திருக்கக் கண்டார். எப்பொழுதும் முதலிடத்தில் நிற்கவேண்டும் என்ற ஓயாத நெருக்கடியும், வீட்டிலே பெரியவர்களின் அண்மையின்மையுமே அதற்குக் காரணங்கள் என்று அவர் பின்னர் விளக்கினார். மாணவர்களின் முகத்தைப் பார்த்தே முதல்நாள் வீட்டில் என்ன நடந்தது என்று ஊகிக்கப் பழகிய ஆசிரியர் எவருக்கும் இது ஆச்சரியமாக இராது.

இன்னொன்றும் உண்டு, அதை மகனிடம் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாயிருந்தது. மாதத் தவணையைக் கட்டிவிட்டு மிச்சத்தை எண்ணிச் செலவழிக்கிற குடும்பம், எண்ணாமல் செலவழிக்கிற குடும்பங்களுக்கு நடுவே குடியேறினால், அந்த மதிலுக்குள் ஏழை யார்? அல்சூர் வீதியில் என் பேரன் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை. புது வீட்டில் அவன்தான், கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போகாமல் திருப்பத்தூருக்குப் போகிற பையன். திருப்பத்தூர் ரயிலடியில் இறங்கும்போது இன்று அவன் முகத்திலே காண்கிற குதூகலம், அங்கே போய் இரண்டு வருஷமான பின்பும் இருக்குமா என்று ஒரு பாட்டனார் கவலைப்பட்டால், அதைச் சுயநலம் என்று தள்ளிவிடலாகாது. கொஞ்சம் சுயநலமும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ராஜ் செட்டியின் குழுவினரே 2022-இல், ஏழு கோடிக்கும் மேற்பட்ட மனிதர்களின் முகநூல் நட்புகளை ஆராய்ந்து, ஏழைக் குழந்தை பிற்காலத்தில் உயர்வதற்குத் துணைசெய்பவற்றுள் வர்க்க வேலியைத் தாண்டிய சிநேகிதமே மிக வலியது என்று கண்டார்கள். அத்துடன், அத்தகைய சிநேகிதம் அரிதாயிருப்பதற்கு ஏறக்குறையப் பாதிக் காரணந்தான் இரு சாராரும் சந்திக்காமலிருப்பது. மற்றப் பாதி, ஒரே இடத்தில் இருந்தும் பழகாமலிருப்பது. பக்கத்தில் வீடு வாங்குவதனாலேயே சகவாசம் வாய்த்துவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்வது?

சிநேகிதத்தின் பலன் ஒரு பக்கத்தாருக்கே உரியதும் அன்று. டில்லியில் 2007 முதல், அரசு நிலத்தைச் சலுகையில் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடமளிக்கவேண்டும் என்ற விதி செயலுக்கு வந்தது. கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் அப்பள்ளிகளில் ஆராய்ந்தபோது, ஏழைச் சகமாணவருடன் படித்த செல்வப் பிள்ளைகள் அதிக தாராளத்துடன் கொடுக்கிறவர்களாகவும், தொடரோட்டத்துக்குத் துணை தேடும்போது உடையைப் பார்க்காமல் வேகத்தைப் பார்த்து ஏழைப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறவர்களாகவும் மாறியிருந்தார்கள். படிப்பில் பொதுவாக நஷ்டம் ஏதுமில்லை. ஆங்கில மதிப்பெண்ணில் மட்டும் சிறு சரிவு. ஓட்டப் பந்தயத்தில் யார் வேகமாக ஓடுகிறான் என்று சரியாகப் பார்க்கத் தெரிவதற்காக ஆங்கிலத்தில் இரண்டு மதிப்பெண்ணை என் பேரன் இழந்தால், நான் அதை நஷ்டக் கணக்கில் எழுதமாட்டேன்.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் என்னைக் குறுக்கே நிறுத்தி, உங்கள் திருப்பத்தூர் வீதி மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பார். கேட்கவேண்டியதுதான். ஊர் என்றும் சேரி என்றும் குடியிருப்பைப் பிளந்து, யாருடைய பிள்ளை யாருடைய திண்ணையில் உட்காரலாம் என்பதை ஜாதியைக் கொண்டு தீர்மானித்த சமூகம் நம்முடையது. காவலாளியும் கேமராவும் இல்லாமலே அந்த மதில் நூற்றாண்டுகள் நின்றது. அதை உடைக்கக் கருதித்தான் கலைஞர் கருணாநிதியின் அரசு 1997-இல் பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்தை அறிவித்தது: ஓர் இடத்தில் நூறு வீடுகள், அவற்றில் நாற்பது ஆதிதிராவிடருக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்து ஏனையோருக்கு. 1998-இல் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. அத்திட்டத்தின் குறைகளைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது அரசியல் என்று அதை வகுத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். பழைய மதிலைப் பெரும் பிரயாசையுடன் தட்டிக்கொண்டிருக்கும்போதே, ஜாதியின் பெயரைச் சொல்லாமல் விலையின் பெயரால் புதிய மதிலை எழுப்பி, அதற்குள் இடம் கிடைத்ததென்று நாமே மிட்டாய் வழங்குகிறோம்.

செல்வர்கள் ஓர் ஊருக்குள் வாழ்வதனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்மையே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. தோல் வணிகத்தில் பொருளீட்டிய வாணியம்பாடி முஸ்லிம் பெருமக்களின் ஊரில் 1919-ஆம் வருஷமே இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. அந்நாளில் படிப்புக்கென்று சென்னைக்கு ஓடவேண்டியிருந்த எத்தனையோ பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டுடன் கல்லூரியில் படித்தார்கள். பணக்காரனும் அதே சந்தையில் கத்தரிக்காய் வாங்கி, அதே தெருச் சேற்றில் கால் வைக்கிறபோது, அவனுக்குப் பள்ளிக்கூடம் கட்டவேண்டும் என்று தோன்றுகிறது. தண்ணீரும் மின்சாரமும் பூங்காவும் மதிலுக்குள்ளேயே கிடைத்துவிட்டால், வெளியே குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அவன் ஏன் கேட்கப்போகிறான்?

எதிர்த்திசையில் வந்தவர் ஒருவரும் எங்கள் ஊரில் இருந்தார். ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலைகளால் செல்வம் பெருக்கிய குடும்பத்தில் பிறந்த டாக்டர் எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன், டாக்டர் சவரிராயன் யேசுதாசனுடன் சேர்ந்து 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவி, கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். அவரை மகனுக்கு உதாரணமாகக் காட்டலாம் என்று வாயெடுத்தேன். இருவரும் பிரம்மசாரிகள், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற விசாரமே அவர்களுக்கு நேர்ந்ததில்லை என்பது ஞாபகத்துக்கு வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் மகனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: வீட்டை வாங்காதே, அல்சூரிலோ, அதுபோன்ற, கடையும் கோயிலும் மசூதியும் பஸ் நிறுத்தமும் கலந்த வேறொரு வீதியிலோ இரு, மிச்சமாகும் பணத்தைப் பலதரப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் கலந்து உட்காருகிற நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் செலவிடு, ஆறு மணிக்கு வீடு வரக்கூடிய தூரத்தில் குடியிரு. அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதையும், நடைபாதையில்லாத தெருவில் பையனை விளையாட விட முடியாததையும் அவன் சொன்னபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. பாதுகாப்பான தெரு என்பது காசு கொடுத்து வாங்குகிற பண்டமாகிவிட்ட ஊரில், வாங்காதே என்று தூரத்திலிருந்து சொல்வது எளிது.

அந்த வீட்டைப் பார்க்கப் போன தினம், எதிர் இஸ்திரி வண்டிக்காரரின் மகன், பேரனுடைய உயிர்த்தோழன், தன் பம்பரத்தை அவனிடம் கொடுத்து அனுப்பியிருந்தானாம். வாசலில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதி வாங்கிக்கொண்டுதான் காவலாளி உள்ளே விட்டார். திரும்பும்போது பேரன் காரிலிருந்து, "அவன் வந்தா யார் நம்பரை எழுதுவான்? அவன்கிட்ட போன் இல்லையே" என்று கேட்டிருக்கிறான். மருமகள்தான் இதை என்னிடம் சொன்னாள்; மகன் சொல்லவில்லை. முன்பணம் கட்ட இம்மாதம் முப்பதாம் தேதி வரை அவகாசம் இருக்கிறதாம்.