பட்டியல் போடுமுன் ஆய்வகத்தைப் பாருங்கள்

காலாண்டு விடைத்தாள் திருத்தி முடிந்ததும் ஆண்டிபட்டி வட்டாரப் பள்ளிகளில் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் தயாராகும். அதில் ஒரு பெயரை எழுதுமுன் ஆசிரியர்கள் தாட்சாயணி வேலாயுதனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கொச்சியை அடுத்த முளவுகாடு தீவில் 1912-ல் புலையர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்து 1935-ல் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி என்று அறியப்படுகிறார். ஆய்வகத்தில் சோதனைகளை அவருக்குச் செய்து காட்ட ஆசிரியர் மறுத்தார். தள்ளி நின்று பார்த்தே கற்றுத் தேறினார் தாட்சாயணி.

பின்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தார்; திருச்சூர், திருப்பூணித்துறை அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பாடம் நடத்தினார். 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்குப் போனபோது அவருக்கு வயது 34. அங்கிருந்த ஒரே தலித் பெண் அவர்தான். அந்தத் தாட்சாயணியையாவது சிலர் அறிவர். கரும்பலகை முன் நின்றவரை ஆசிரியர் உலகமே மறந்துவிட்டது.

அதே 1946-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மேமி ஃபிப்ஸ் கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர், கணவர் கென்னத்துடன் சேர்ந்து குழந்தைகளுக்காக நார்த்சைடு மையத்தைத் தொடங்கினார். அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்று பள்ளிகள் ஒதுக்கிய பிள்ளைகளை அங்கே மறுபடி சோதித்தார்கள். பலர் அந்த முத்திரைக்கு உரியவர்களே அல்லர் என்று தெரிந்தது. கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் காட்டி இத்தம்பதி செய்த ஆய்வு, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது. அதற்கு வித்திட்டது மேமியின் முதுகலை ஆய்வு. பெயரோ பெரும்பாலும் கணவருக்கே போனது.

பி.எட். உளவியல் தாளில் பியாஜேவும் ஸ்கின்னரும் உண்டு. தாட்சாயணியும் மேமியும்கூட அங்கே இடம்பெற வேண்டியவர்கள்.

தறிக்கூலி வீடுகளிலிருந்தும், விடியுமுன் ஏலத்தோட்ட ஜீப்பில் மலையேறிவிடும் தாய்மாரின் வீடுகளிலிருந்தும் இங்கே பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். பிளஸ் டூ வேதியியல் செய்முறை வகுப்பில் ஒரு நாள் கவனித்தால் போதும். பியூரெட்டைத் திறந்து துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் கணத்தைப் பிடிப்பவர்கள் சிலரே. பின்னால் நின்று அளவை மட்டும் கேட்டு எழுதிக்கொள்வோர் யார்? எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? மெல்லக் கற்பவரா, தள்ளி நிறுத்தப்பட்டவரா என்று அங்கேதான் தெரியும்.

அரையாண்டுத் தேர்வுக்குள் ஒவ்வொரு பள்ளியும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறிக்கலாம்: எந்த வரிசையில் உட்காருகிறார், கருவியைக் கையாண்டாரா, வகுப்பில் கடைசியாக எப்போது கேள்வி கேட்கப்பட்டார். அதன் பிறகு பட்டியலைத் திருத்துங்கள்.