பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு

போடிநாயக்கனூர் சுப்பிரமணிய சுவாமிக்குக் காலையில் சாத்தும் மல்லிகை மாலை அந்திக்குள் வாடிவிடும். மறுநாள் புதுமாலை வந்துவிடும். ஆனால், முருகப்பெருமானுக்கு உரியதென அடியார் போற்றும் நீலக்குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே மலர்வது.

போடிமெட்டுக்கு ஏறும் சரிவுகளில் இன்று ஏலமும் காப்பியும் மிளகும் செழித்திருக்கின்றன. அவற்றுக்கும் மேலே, மூணாறு, கொடைக்கானல் பக்கத்துப் புல்வெளிகளில் குறிஞ்சிச் செடி வாழ்கிறது. 2006-லும் 2018-லும் அம்மலைகள் நீலம் போர்த்தன. அடுத்து 2030-ல் மலரும் என எதிர்பார்க்கப்படுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது வெறும் பச்சைப் புதர். நின்று பார்ப்பவர் எவருமிலர்.

பழந்தமிழர் மலைநிலத்துக்கு இம்மலரின் பெயரையே இட்டனர். அந்நிலத்துத் தெய்வம் சேயோன்; அதற்குரிய ஒழுக்கம் காதலர் கூடுதல். வள்ளியை மணந்தபோது முருகன் குறிஞ்சி மாலை சூடினான் என்பது மலைவாழ் முதுவர் மரபு. தினைப்புனம் காத்த வள்ளியும் பெருமானையே நினைந்து காத்திருந்தவள் அன்றோ!

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-ல் எழுப்பியவர் ஓர் அம்மையார். மேலைநாட்டுக் குடும்பத்தில் பிறந்து, சைவநெறி தழுவி, லீலாவதி எனப் பெயர் பூண்டு, இலங்கைப் பெருந்தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். கணவர் 1930-ல் மறைந்தார். ஆறாண்டுகள் கழித்து எழுந்த அத்திருக்கோயில், அவர் மறைவுக்குப் பின்னும் அம்மையார் அந்நெறியில் நிலைத்து நின்றதற்குச் சான்றாக விளங்குகிறது.

நெடுநாள் இல்லறம் கண்ட தம்பதியர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மணநாள், மகப்பேறு, அறுபதாம் கல்யாணம் என வாழ்வில் பூத்த நாள்கள் சிலவே. ஒருவர் உண்ணும்வரை மற்றவர் காத்திருந்ததும், நோயுற்றபோது இரவெல்லாம் விழித்திருந்ததுமான நாள்களே பல. அப்பச்சை நாள்களே அன்பின் வேர்.

குறிஞ்சிச் செடி ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, மடிந்துவிடும். அவ்விதையே அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளைச் சுமக்கிறது. ஆகவே, 2030-ல் பேரப்பிள்ளைகளுடன் மலையேறும் அன்பர்கள் அம்மலரைக் கொய்யாது, கண்ணால் கண்டு, கைகூப்பி மீள்வதே முறை. செடியிலேயே விட்டு வரும் பூவும் வேலவனுக்கு அர்ச்சனையே. பின்வரும் தலைமுறைக்கு அதுவே பிரசாதம்.

வள்ளி மணாளன் அனைவர்க்கும் துணை நிற்பானாக!